கருவாட்டில் மண்

கண்ணான பேத்திக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். நீ கொழும்புக்குப் போகுமுன் நம் கருவாட்டு வியாபாரத்துக்குத் திறந்து தந்த பேஸ்புக் பக்கத்தில், ஒருத்தி கருவாட்டில் மண் என்று எழுதியிருந்தாள். முகம் கோணாமல் இன்னொரு பொதி சும்மா அனுப்பினேன். கற்பிட்டியில் நம் வாசலுக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தானே செய்வோம்? அவள் அதையும் எழுதிப் போட்டாள்.

பிறகு எல்லாருடைய பொதியிலும் மண்.

"சும்மா கிடைச்சா மண் இல்லாம இருக்குமா, மாமி?" என்று பக்கத்து வீட்டு றிஸ்னா சிரித்தாள். வாங்கினவர்களோடு வாக்குவாதம் பண்ணுவது நமக்கு மரியாதைக் குறைச்சல். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

அதையெல்லாம் வாசித்தவர்கள் இப்போது வாங்குவதில்லை. காயவைக்கும் வலையைச் சுருட்டிவிட்டேன். காற்று பலம், அதனால்தான்.

பக்கத்தை மூடிவிடு. கடைசிப் பொதியை உனக்கு அனுப்புகிறேன். மண் இருந்தாலும் சொல்லாதே மகள், அனுப்ப இன்னொன்று இல்லை.

உன் உம்மம்மா