ஜோதியின் கண்ணாடியும் என் தவறான செய்தியும்

கும்மிடிப்பூண்டி
12.8.2006

அன்பு மகள் ஜோதிலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், சூரிச் ஆய்வுக்கூடத்து ஏசி குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைப் புகையால் இந்த வாரம் மொட்டைமாடியில் துணி காயப்போட முடியவில்லை.

போன மாதம் நீ பரசுராமன் மாமாவோடு ஃபோனில் நாற்பது நிமிடம் பேசினாய். என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டதோடு சரி. ரப்பர் அச்சின் வாய்க்காலில் கரைசல் பாதியில் நின்றுவிடுகிறது என்று நீ கேட்டதாகவும், தன் பட்டறையில் பிளாஸ்டிக் அச்சுக்குச் செய்வதுபோல முனையில் காற்றுக்கு வழிவிடத் தான் சொன்னதாகவும், அது பலித்ததாகவும் அவன் டீக்கடையில் எல்லோருக்கும் சொல்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. இருபத்தெட்டு வருட நிருபர் வேலையில் ஒரு லாரி எண்ணைக்கூட இரண்டு பேரிடம் கேட்காமல் நான் எழுதியதில்லை. உன் செய்தியை மட்டும் டீக்கடையில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து, யாரையும் கேட்காமல் எழுதினேன். உன்னைக் கேட்டால் மாமாவிடம் சொன்னேனே என்பாய், மைத்துனனைக் கேட்க மனம் வரவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் பத்து நோயைத் தீர்க்கும் மருந்து, கும்மிடிப்பூண்டிப் பெண் சாதனை என்று மாவட்டப் பக்கத்தில் வந்தது.

செவ்வாய்க்கிழமை எளாவூரிலிருந்து அஞ்சம்மாள் என்ற பெண் அந்தப் பேப்பரோடு வந்தாள். அவள் புருஷன் கலியனுக்குக் காசநோய். உங்க பொண்ணு மருந்து வரப்போவுதே, இந்த மாத்திரை இன்னாத்துக்குன்னு அவரு நாலு நாளா முழுங்கலண்ணா என்றாள். அடுத்த பஸ்ஸிலேயே அவளோடு போனேன். கலியன் என் பேச்சைவிடப் பேப்பரைத்தான் நம்பினான். அதை எழுதினவனே நான்தான், அது தப்பு என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தான். மறுபடி மாத்திரை தொடங்கியாயிற்று, சளியைச் சோதித்துப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்வார்களாம்.

திருத்தம் எழுதியாக வேண்டும். அதற்காகப் பரசுராமனிடம் போனேன். மருந்தே இல்ல மாமா, நோவு கீதா இல்லியான்னு காட்டற கண்ணாடி அது, என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றான். முடியைவிட மெல்லிய வாய்க்கால் வெட்டிய ரப்பரைக் கண்ணாடிச் சில்லின்மேல் ஒட்டி, வாய்க்காலுக்கு ஒரு நோயை இனங்காணும் புரதக் கரைசலை ஓடவிட்டு ரப்பரை உரித்தால், கோடு கோடாகப் புரதம் மட்டும் நிற்கும், குறுக்கே ரத்தநீரை விட்டால் எந்தக் கோடு பிடிக்கிறதோ அந்த நோய் என்று இரண்டே நிமிடத்தில் சொன்னான். நன்றாகவே சொன்னான், அதுதான் இன்னும் எரிகிறது. திருத்தம் நேற்று என் பெயரோடு வந்தது. பொறாமையை அதில் எழுத இடமில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமையாவது ஆய்வுக்கூடத்துக்குப் போகாதே. நீ எடுத்த வேலை நல்லபடி முடியட்டும், நூறு வயது நலமாக இரு. ஒன்று மறக்காதே. கலியன் மாதிரி ஆளுக்குக் காசநோய் இருப்பதை உன் கண்ணாடி காட்டுமா என்று திருத்தத்தைப் படித்த அஞ்சம்மாள் கேட்டாள். பரசுராமனுக்குத் தெரியவில்லை. பதிலை எனக்கு எழுது.

உன் அப்பா,
அருணாச்சலம்