ஐம்பத்து நான்கு படிகள்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தைப் பற்றி நீ எழுதுவதே இல்லை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சமூகப்பணி படித்தவனுக்குக் கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவுதான் ஏற்றது, ஆஸ்பத்திரி வேலை வேண்டாம் என்று போன கடிதத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன், நீயும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றுக்கு நீ சம்மதம் சொல்ல வேண்டும் என்பதால் இதை அவசரமாக எழுதுகிறேன். உன் பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. தனியாக இருக்கிற மனிதர் என்று நானும் உன் அப்பாவும் அத்தையும் அவர் வீட்டில் கட்டில், சுவரில் கைப்பிடி, பகலுக்கு ஒரு நர்ஸ் என்று பட்டியல் போட்டு ஏற்பாடு செய்தோம், மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து பட்டம். டாக்டரும் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் சமூகப்பணியாளர் என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டு வீட்டுக்கு ஏற எத்தனை படி என்று கேட்டாள். எங்களில் யாரும் எண்ணியதில்லை. "ஒரு பத்து இருக்கும்மா" என்றார் பெரியப்பா, அவருக்கு எப்படியாவது வீட்டுக்குப் போக வேண்டும். அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். ஐம்பத்து நான்கு, லிஃப்ட் கிடையாது. இருபது வருடமாக ஏறி இறங்குகிற எங்களுக்கு அது தோன்றவில்லை. இப்போது பெரியப்பா, படியே இல்லாத நம் வீட்டில், உன் அறையில், உன் மேசை முழுக்க மருந்தைப் பரப்பிக்கொண்டு என் சமையலைக் குறை சொல்கிறார்.

அவரை அழைத்து வந்த அன்று காலை அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்லி விசாரித்தேன். அவளோடு படித்தவர்களில் ஒருவன் தொழிற்சாலையில், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசகர், இன்னொருவன் சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை தேடித் தருகிறான், ஒருத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துணிக்கடை வைத்து நிம்மதியாக இருக்கிறாளாம். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் இதே வேலைக்கு வருவாயா என்றேன். "காலையில கேக்காதீங்கக்கா, வேண்டாம்னுதான் சொல்வேன். சாயங்காலம் வந்து கேளுங்க" என்றாள். நான் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை, ஐந்து மணிக்குத் திரும்பப் போனேன். அவள் நாற்காலி காலி. வேறு யாருடைய வீட்டையோ பார்க்கப் போயிருப்பதாக வார்டு நர்ஸ் சொன்னார்.

இதை வைத்து அம்மா மனம் மாறிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த மூன்று பக்கத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதியது மட்டும் நிற்கும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. எதை எடுத்தாலும் நன்றாக இரு. ஆஸ்பத்திரியை எடுத்தால் நல்ல செருப்பாகப் பார்த்து வாங்கிக்கொள்.

உன் அம்மா