தகப்பன் பெயரை அடிக்கக் கூடாது

அனுப்புநர்:
நீலாம்பாள் (வயது 27),
க/பெ. மயில்வாகனம்,
பிள்ளையார்பாளையம்,
பெரிய காஞ்சிபுரம்.

பெறுநர்:
பிறப்பு இறப்புப் பதிவாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: என் மகள் காந்தாவின் பிறப்புப் பதிவிலிருந்து தகப்பன் பெயரை நீக்கும்படி என் கணவர் கொடுத்துள்ள மனுவைத் தள்ளுபடி செய்யவும், அதில் பொய் எழுதியதற்காக அவர்மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல்.

பார்வை: எனக்கு வந்த தங்கள் நோட்டீஸ், நாள் 3-4-1972.

மரியாதைக்குரிய ஐயா,

1. எனக்கும் மேற்படி மயில்வாகனத்துக்கும் 1965 ஆவணியில் பெரியோர் முன்னிலையில் திருமணம் நடந்தது. அவர் பட்டு நெய்பவர். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. என்னைத் தொட்டதும் இல்லை. இதைத் தங்கள் கோப்பில் எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மானத்தை அவர் தெருவில் இறைத்துவிட்டார். இனி நான் மட்டும் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை.

2. மூன்று வருடம் பிள்ளை இல்லாததால் என் மாமியார் என்னை மலடி என்றார். அவர் அப்படிச் சொன்னபோதெல்லாம் என் கணவர் தறியை விட்டுத் தலை தூக்கியதில்லை. கடைசியில் 1968இல் அவரே என்னைச் சென்னைக்கு ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். வேறொரு ஆணின் விந்தை ஊசிக்குழல் வழியாகச் செலுத்திக் கருத்தரிக்க வைக்கும் சிகிச்சை அங்கு நடக்கிறது. கொடுப்பவர் யாரென்று நமக்கும் தெரியாது, நாம் யாரென்று அவருக்கும் தெரியாது. "நம்ம ஜனமா இருக்கணும்மா" என்று என் கணவர் முதலில் கேட்டார். ஜாதியெல்லாம் பார்ப்பதில்லை, நிறம் வேண்டுமானால் சொல்லுங்கள் என்றார் டாக்டர். உடனே இவர், "அப்போ எங்க நெறம் வாணாம்மா. நல்லா செவப்பா இருக்கட்டும். எங்க அம்மா ஆசப்பட்டுக்கினு இருக்குது" என்றார். சம்மதப் பத்திரத்தில் "சிவப்பு நிறம்" என்று தம் கையாலேயே எழுதினார். என்ன நிறம் வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

3. 1969 மாசியில் காந்தா பிறந்தாள். கேட்டபடியே சிவப்பு. கேட்டதற்கு மேலேயே சிவப்பு. என் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினார். என் கணவர் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, தகப்பன் என்று தம் பெயரைச் சொல்லிப் பதிந்தார். பிறகு குழந்தைக்கு முடி செம்பட்டையாக வளர்ந்தது. கண்ணும் பூனைக்கண் என்று தெரிந்தது. தெருவில் பேச்சு கிளம்பியது. கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் எங்கள் தெருவுக்கும் வந்து தறியைப் படம் பிடிப்பது வழக்கம். அது போதாதா தெருவாருக்கு.

4. சென்ற மாதம் 12ஆம் தேதி காலை தெருவில் எங்கள் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தோம். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரிசெய்யும் வேலை அது. நடுவில் ஒருவர் கையை விட்டாலும் இழை சிக்கி ஒரு மாத நெசவு பாழாகும். இருபது பேர் பிடித்திருந்தோம். யாரும் நகர முடியாத அந்த நேரம் பார்த்து என் கணவர் வாசலில் நின்ற காந்தாவைக் காட்டி உரக்கச் சொன்னார்: "இது எனக்குப் பொறந்தது இல்லப்பா. படம் புடிக்க வந்தானே ஒரு வெள்ளக்காரன், அவன் மூஞ்சிய நெனச்சிக்கினு இது மூஞ்சிய பாருங்க." நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். பாவைக் கட்டி முடிக்கும் வரை கையை எடுக்காமல் நின்று கேட்டேன். அன்று கையை விட்டிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

5. சென்னை டாக்டரையே தெரியாது என்றும், அப்படி ஏதாவது பத்திரம் இருந்தால் அது நான் போட்ட கள்ளக் கையெழுத்து என்றும் தங்களுக்குக் கொடுத்த மனுவில் எழுதியிருக்கிறார். போன வாரம் நான் தனியாகச் சென்னை போய் அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கி வந்தேன். இத்துடன் இணைத்துள்ளேன். கையெழுத்துக்குக் கீழே தயவுசெய்து பாருங்கள். "தறி எண் 214" என்று எழுதியிருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் நூல் வாங்கினாலும் சேலை கொடுத்தாலும் பெயருக்குக் கீழே தறி எண் எழுதிப் பழகிய கை அது. ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் எழுதிவிட்டது. கள்ளக் கையெழுத்துப் போடுகிறவள் கர்ப்பச் சிகிச்சைப் பத்திரத்தில் தறி எண் எழுத மாட்டாள் ஐயா.

6. தாலி கட்டிய வாழ்க்கையில் பிறந்த பிள்ளை கணவன் பிள்ளைதான் என்று சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவு சொல்வதாக ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்கு விளக்கினார். மாற்ற வேண்டுமானால், எங்கள் இருவருக்கும் சேர வாய்ப்பே இருந்ததில்லை என்று என் கணவர் நிரூபிக்க வேண்டுமாம். தாராளமாக நிரூபிக்கட்டும். பாதி வீட்டைத் தறி அடைத்துக்கொண்ட ஒரே அறையில் ஏழு வருடம் இருந்தும் மனைவியை ஏன் தொடவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லட்டும். அவர் சொல்வது உண்மை என்று முதல் சாட்சியாக நானே வருகிறேன்.

7. அவர் மனம் யாரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த மனிதர் பெயரை இங்கு எழுத மாட்டேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. காந்தாவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தவரே அவர்தான். ஆணும் ஆணும் அப்படி இருந்தால் அதற்கும் சட்டத்தில் தண்டனை உண்டாம். அந்தச் சட்டத்தைத் தேடி நான் போகவில்லை. என் கணவரின் மனம் போன இடத்துக்காக நான் அவரைப் பழிக்கவில்லை. என்னைக் கெட்டவள் என்று சொல்லித் தன்னை மறைத்துக்கொண்டாரே, அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

8. அவர் மனுக் கொடுத்ததற்குக் காரணம் வேறு. என்னை விபசாரி என்று காட்டி விவாகரத்து வாங்கிவிட்டால், ஐயம்பேட்டையில் பேசி வைத்திருக்கும் பெண்ணை வரும் ஆவணியில் கட்டி, ஊர் வாயை மறுபடி அடைத்துவிடலாம் என்று பார்க்கிறார். என் மகள் தகப்பன் பெயர் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். அவர் மாலையும் கழுத்துமாக மேடையில் நிற்க வேண்டும். நடக்க விட மாட்டேன்.

ஆகவே, காந்தாவின் பதிவில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்றும், பொய் மனுக் கொடுத்தவரை நேரில் அழைத்து அந்தப் பத்திரத்தைக் காட்டி விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் எனக்கு வேண்டாம். ஜீவனாம்சமும் வேண்டாம். ஆயுள் உள்ளவரை அவர் காந்தாவின் தகப்பனாகவே இருக்க வேண்டும். அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை. என் மகளுக்கு அது உரிமை.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 17-4-1972

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) நீலாம்பாள்

இணைப்பு: சம்மதப் பத்திர நகல் ஒன்று.

நகல்கள், பதிவுத் தபாலில்:
1. திரு. மயில்வாகனம், பிள்ளையார்பாளையம்.
2. அவர் உறுப்பினராக உள்ள சங்கத்தின் தலைவர் அவர்கள்.
3. செல்வி வடிவாம்பாள், த/பெ. கைலாசம், ஐயம்பேட்டை. தகப்பனாரிடம் கொடுக்காமல் பெண்ணின் கையிலேயே சேர்க்கும்படி தபால்காரரைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா வடிவாம்பாள், நீயே பிரித்துப் படி. ஏழு வருடத்துக்கு முன் எனக்கு இப்படி ஒருவரும் எழுதவில்லை.