அஷ்டமியன்று போட்ட கையெழுத்து

நேற்று அலமாரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த என் மகள், நீளக் கம்பியின் நுனியில் ஒட்டிய ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்துவந்து, "அப்பா, இது பல் டாக்டரோடதா?" என்று கேட்டாள். அது உன்னுடையது. இரவல் வாங்கிவிட்டு நான் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன், ஹைட்ராலிக் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. விமானத்துக்குள் கண் எட்டாத இடங்களைப் பார்ப்பதற்கான கண்ணாடி என்று அவளிடம் சொன்னேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்த ஹேங்கரில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். என் அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா, உன் அப்பா ரயில்வே. நாம் இருவரும் இந்த வங்காள ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்றாலும் மற்றவர்களுக்கு நாம் 'மெட்ராஸ்காரர்கள்'. அதனால்தான் துர்கா பூஜை டூட்டி எப்போதும் நம் தலையில் விழுந்தது. அஷ்டமியன்று வங்காளிகள் எல்லோரும் பந்தலுக்குப் போவார்கள், நாம் ஹேங்கரைப் பார்த்துக்கொள்வோம். பொங்கலுக்கு அவர்கள் நமக்காக நிற்பார்கள். அஷ்டமி மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து பூஜைப் பிரசாதமான கிச்சுரி என்கிற பருப்புச் சாதம், லாப்ரா என்கிற காய்கறிக் கூட்டு, தக்காளிச் சட்னி எல்லாம் டிபன் கேரியரில் நமக்கு வந்துசேரும். எழுதிவைக்காத ஒப்பந்தம், ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

அந்த வருஷம் பாக்டோக்ரா போகவேண்டிய சிறிய விமானம். வால் பக்கத்தில் ஒரு தண்டை மாற்றும் வேலை என்னுடையது. விமானி விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது அந்தத் தண்டை நம்பித்தான். நட்டை முறுக்கிவிட்டேன். அது தளராமல் இருக்க ஒரு சின்னப் பின்னைச் சொருகி மடக்கவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அந்த நேரத்தில் கேட்டிலிருந்து போன் வந்தது. நம் சீனியர் தபன்தாவின் மைத்துனர் கேரியரோடு வந்து நிற்கிறாராம். ஆறிப்போகுமே என்று இறங்கி ஓடினேன். அவரிடம் பந்தல் கதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பி ஏறினால் நட்டு இறுக்கமாக இருக்கிறது, வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. மூடியைப் போட்டுத் திருகிவிட்டு இறங்கினேன்.

அந்த வேலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். செய்தவன் ஒன்று, தனியாகப் போய்ப் பார்த்தவன் ஒன்று. நீ வேறு ஏதோ பதிவேட்டில் மூழ்கியிருந்தாய். "முடிச்சுட்டேன், போடு" என்று காகிதத்தை நீட்டினேன். போட்டாய்.

கிச்சுரி இரண்டு வாய்தான் உள்ளே போயிருக்கும். நீ சாப்பிடுவதை நிறுத்தினாய்.

"நான் பார்க்கலடா."

"எதை?"

"நீ போட்டதை. பார்க்காமயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நான்தானே போட்டேன். இத்தனை வருஷமா என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதனாலதான் பார்க்கல."

எனக்குச் சுருக்கென்றது. நீ கையைக் கழுவிக்கொண்டு, டார்ச்சையும் இந்தக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாய். ஒவ்வொரு திருகாகக் கழற்றினாய். வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறான் என்று நினைத்தபடி கீழே கிச்சுரியைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிறகு, "இங்க வா" என்றாய். கண்ணாடியில் தெரிந்தது வெறும் ஓட்டை. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சொருகவேண்டிய பின் அங்கே இருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். அறுபது பேர் ஏறப்போகிற விமானம் என்பதை விட, அடுத்த மாதம் எனக்கு வரவிருந்த ஷிப்ட் இன்சார்ஜ் பதவிதான் முதலில் நினைவுக்கு வந்தது. "இப்பவே போட்டுடறேன். யாருக்கும் தெரியவேண்டாம்" என்று உன்னிடம் கெஞ்சினேன்.

"உன் பேரை எழுத மாட்டேன். பார்க்காம போட்டேன்னு என்னைப் பத்தித்தான் எழுதப்போறேன்" என்றாய்.

"உன்னோடது வந்தா என்னோடது தன்னால வெளிய வருமே."

"அப்ப நீயும் எழுது. ரெண்டு பேப்பரும் சேர்ந்தே போகட்டும்."

நான் பின்னைச் சொருகினேன். பார்க்கும் தகுதி நம் இருவருக்குமே அன்று இல்லை என்று சொல்லித் தபன்தாவுக்குப் போன் போட்டாய். அவர் பந்தலிலிருந்து புது வேட்டி, பட்டு ஜிப்பாவோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார், கால் மணி நேரம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், மறுபடி பந்தலுக்குப் போனார். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

கடைசியில் நானும் எழுதினேன், இரண்டு பேப்பரும் சேர்ந்தே போயின. மூன்று மாதம் நம் இருவரின் கையெழுத்துக்கும் மதிப்பில்லை. வகுப்பில் உட்காரவைத்தார்கள். இன்சார்ஜ் பதவி வேறொருவருக்குப் போனது. நான் உன்னோடு தமிழ் பேசுவதை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த தண்டனை அதுதான். எதிரே வந்தால் இங்கிலீஷில் குட்மார்னிங் சொல்வேன். நீயும் சளைக்காமல் இங்கிலீஷில் பதில் சொல்வாய்.

ஆறாம் மாதம் ஒருநாள் தபன்தா வியர்த்து வழிய என்னிடம் வந்தார். அவருடைய டார்ச் இறக்கைக்குள்ளேயே தங்கிவிட்டது, விமானம் ஓடுபாதைக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது. "நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கொடுத்துட்டு இன்னும் இங்கேதானே வேலை பார்க்கறீங்க? அப்ப நானும் சொல்லிடறேன்" என்று வங்காள மொழியில் சொன்னார். அந்த விமானத்தை நிறுத்தி டார்ச்சை எடுத்தார்கள். நீ எழுதாமல் விட்டிருந்தால் அந்த மனுஷன் வாயே திறந்திருக்கமாட்டார். அன்று சாயங்காலம் நேரே உன்னிடம் வந்து, "டீ குடிக்க வரியா?" என்று கேட்டேன்.

"என்ன, தமிழ் லைசென்ஸ் திரும்பக் கிடைச்சுடுத்தா?" என்றாய். மன்னிப்புக் கேட்க நான் தயாரித்து வைத்திருந்த வசனம் எல்லாம் அந்தச் சிரிப்பில் காணாமல் போயிற்று.

உன் கடைசி மாதங்களில் ஜாதவ்பூரில் உன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவேன். சுமதி உனக்கு வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் நாள்வாரியாகப் போட்டு வைத்திருப்பாள். ஒருமுறை அதை என்னிடம் நீட்டி, "செக் பண்ணு" என்றாய். "உன் பெண்டாட்டி போட்டதைப் போய் நான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். வியாழக்கிழமை அறையில் இரத்த அழுத்த மாத்திரை இரண்டு இருந்தது. சுமதி கண்கலங்கி, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அழற? அதான் பார்த்தாச்சே. போய் மூணு பேருக்கும் காபி போடு" என்றாய் அவளிடம். உன் குரலில் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த அவளைப் பார்த்தபோதுதான், அந்த அஷ்டமியன்றும் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பது எனக்கு உறைத்தது. ஏணியிலிருந்து இறங்கியதும் என் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனாய். அந்தக் கையை நான் உதறிவிட்டேன்.

உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. நம் இருவருக்கும் நடுவில் அந்த வார்த்தை நாடகம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். என் லைசென்ஸ், என் தூக்கம், மகளின் முகத்தை நேராகப் பார்க்க முடிவது, எல்லாம் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனதால் எனக்கு மிஞ்சியவை.

போன வாரம் ஷிப்டில் எனக்கு ரொம்ப வேண்டியவன் ஒருவன், "முடிச்சுட்டேன் அண்ணா, போட்டுடுங்க" என்று காகிதத்தை நீட்டினான். நான் பேனாவை எடுக்கவில்லை, ஏணியில் ஏறினேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இறங்கி வந்தபோது அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. உன் பிரியம் எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆயிற்று, அவனுக்கும் கொஞ்ச நாள் ஆகட்டும்.