எயினன் பெறும் முந்நூறு பொன்

மலையும் கடலும் ஒருகுடைக்கீழ் ஆளும் மருதவரை நாட்டின் அரசி, குடிகளின் வழக்கைத் தம் வழக்காய்க் கேட்டருளும் நங்கைமாதேவியார் திருமுன்னர், ஆடுகள வழக்குகளைத் தீர்க்கும் அமைச்சன் வெண்ணிக்குடி அடலேறன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை தவறாதிருக்க. தங்கள் கோல் நிமிர்ந்தே நிற்க.

பதின்மூவர் கூடிப் பந்தை மார்போடு அணைத்து, எதிரணியை முட்டிப் பிளந்து எல்லைக்கோட்டைக் கடக்கும் ஆட்டத்தில், எவ்வூர் அணியும் தன் வீரர் அனைவர்க்குமாக ஆண்டுக்கு ஆயிரம் பொன்னுக்கு மேல் கூலி தரலாகாது எனத் தங்கள் தந்தையார் விதித்ததைத் தேவியார் அறிவார்கள். செல்வமுள்ள ஊர் வலியவரையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டால் ஏனைய ஊர்கள் தோற்பதற்கென்றே களமிறங்க நேரும் என்பது அவர் கருத்து.

இவ்வாண்டு குன்றூர் அணியின் தலைசிறந்த வீரன் எயினன், அங்கே பெற்ற நூறு பொன்னை விட்டு, துறைமுகத்து அணியில் அறுபது பொன்னுக்குச் சேர்ந்தான். குறைந்த கூலிக்கு ஒருவன் ஏன் ஊர் மாறுவான் என்று குன்றூரார் முறையிட, அடியேன் நேரில் சென்று ஆராய்ந்தேன். பட்டு வணிகர் நாகந்தேவனார், தம் கடைப் பட்டை உடுத்திச் சந்தையில் உலவுவதற்காக எயினனுக்கு ஆண்டுதோறும் முந்நூறு பொன் அளிப்பது தெரியவந்தது. அவ்வணிகரோ துறைமுகத்து அணித்தலைவருக்கு மைத்துனர். இது மறைவாய்த் தரும் கூலியே என்று தீர்ப்பெழுத எழுத்தாணியை எடுத்தும்விட்டேன்.

வணிகர் என்னைத் தம் கடைக்கு அழைத்துச் சென்றார். எயினன் உடுத்திய செம்பட்டைக் கேட்டு மக்கள் வாயிலில் நெருக்கியடித்து நின்றதைக் கண்ணாரக் கண்டேன். தம் வாணிகம் பெருகத் தாம் செலவிடுவதை அணியின் கூலியில் எங்ஙனம் சேர்ப்பது என்று அவர் வினவினார். குன்றூர் அணித்தலைவர் பொறையனாரோ, தம் மலையில் தேனெடுப்போரும் கிழங்கு அகழ்வோருமே உளர், பட்டு விற்பார் ஒருவரும் இலர், இவ்வழியைத் திறந்துவிட்டால் விதி எதற்கு என்று கண்கலங்கினார். இருவர் சொல்லும் நேரியதாகவே பட்டது. இரண்டு நாள் தீர்ப்பெழுதாது தள்ளிவைத்தேன்.

மூன்றாம் நாள், எயினன் எவ்வூர்க்கு ஆடினும் இப்பொன் குறையாது என எழுதித் தருவீரா என்று வணிகரைக் கேட்டேன். தந்தால் வாணிகம், மறுத்தால் கூலி எனக் கொள்வது என் எண்ணம். மறுப்பார் என்றே நினைத்திருந்தேன். அவர் சற்றும் தயங்காது ஐந்தாண்டுக்கு எழுதிக் கைச்சாத்திட்டார். மன்றத்தார் முன் அது படிக்கப்பட்டதும் எயினன் எழுந்து உரைத்ததை அவன் வாய்ச்சொல்லாகவே தருகிறேன்: "நான் எங்க போனாலும் அந்தப் பொன் வரும்னா, எங்க ஊருக்கே போய் ஆடுறேன், அய்யா."

வணிகர் முகம் வெளிறிற்று. அணித்தலைவர் மைத்துனரை நோக்கிய நோக்கை எழுத்தில் வடிக்க இயலாது. குன்றூரார் மகிழ்வர் என்று பார்த்தால், ஒருவன் மட்டும் முந்நூறு பெற, மற்றப் பன்னிருவர்க்கு என்ன சொல்வது என்று பொறையனார் என்னையே கேட்கிறார். வணிகர் நேர்மையால் எழுதினாரா, எயினன் பெயரமாட்டான் எனும் துணிவால் எழுதினாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. விதியைக் காத்தேனா, கெடுத்தேனா என்பதும் விளங்கவில்லை.

எனினும் மன்றம் கலையுமுன் ஒன்று சொல்லியாக வேண்டியிருந்தது. எயினன் குன்றூர்க்கு ஆடுக. வணிகர் எழுதியபடி பொன் தருக. இனி வீரர் எவரும் வெளியார் தரும் பொன்னை மன்றத்தில் மறைக்காது உரைக்க எனத் தங்கள் பெயரால் ஆணையிட்டேன். பிழையெனில் தேவியார் திருத்துக. தண்டனை அடியேனுக்கே ஆகுக, வீரனுக்கு வேண்டா. இன்றைக்குப் பத்தாம் நாள் இவ்விரு அணிகளும் மோதுகின்றன. அன்று எவர் வென்றாலும் மற்றவர் என்னிடம்தான் வருவர்; அதற்குள் தேவியார் மறுமொழி வந்துசேர வேண்டுகிறேன்.

துறைமுக மன்றத்திலிருந்து, ஆவணித் திங்கள் ஏழாம் நாள், அலைமேல் மலை பொறித்த அரச முத்திரை இட்டு விடுத்தது.