இரண்டு பேர் ஆடும் மெஷின்

3-9-87, வியாழன்

கண்ணுச்சாமி இன்றைக்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். மெஷின் விற்கிற மெட்ராஸ்காரன் மாதாமாதம் கட்டாக அனுப்புகிறானாம். வழவழத் தாளில் கலர் படம், கீழே கண்ணுச்சாமியின் கோணல் எழுத்தில் ‘விரைவில்’. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதில் மூன்று வீடியோ கேம் மெஷின், ஒரு மேஜை ஃபேன். இதற்கு சினிமாக் கொட்டகை மாதிரி விளம்பரம் வேறு.

புதிதாக வரப்போவது கார் ஓட்டும் மெஷின். நிஜ ஸ்டியரிங் இருக்கிறதாம். படத்தில் ரோடு நேராகப் போகிறது, இரண்டு பக்கமும் தென்னை மரம். போடிமெட்டுக்குப் பதினேழு வளைவு ஏறுகிற ஊர் இது. பதினாலு பேரை ஜீப்பில் திணித்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டி, மறு கையால் பீடி பற்ற வைக்கிற டிரைவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு நேர் ரோட்டில் பொம்மைக் கார் ஓட்டச் சொல்கிறான். ஒரு மாதம் தாங்காது என்று அவனிடமே சொல்லிவிட்டேன்.

“வரட்டும்ணே. ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றான்.

எதற்கு ஆடிப் பார்க்க வேண்டும்? ஏலக்காய் ஏல மண்டபத்தில் முதலாளிக்குப் பின்னால் உட்கார்ந்து காய் பார்த்துச் சொல்கிற வேலையில் எனக்குப் பதினோரு வருஷம். சாம்பிள் ஒரு கை அள்ளினால் மூட்டை முழுக்கச் சொல்வேன். இது வெறும் அச்சடித்த தாள்.

நான் விளையாட்டுப் பைத்தியம் இல்லை. வியாழக்கிழமை ஏலம் முடிந்ததும் டாங்கி மெஷினில் ஐந்து ஆட்டம், அவ்வளவுதான். திரையில் இரண்டு டாங்கி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் சுட வேண்டும். தனியாக ஆட முடியாது.

இன்றைக்கும் பக்கத்தில் அவன்தான். மூன்றுக்கு இரண்டு. நான் ஜெயித்தேன்.

5-9-87

இன்னொரு நோட்டீஸ். காட்டுக்குள் ஒருவன் யானைக் கூட்டத்தை அம்பு விட்டு விரட்டுகிறான். இதைத் தயார் செய்தவனை ஒரு வாரம் மலையடியில் தேவாரம் ஊரில் சோளக்காட்டுக் காவலுக்குப் போட வேண்டும். யானை வந்தால் அங்கே யாரும் அம்பு எடுப்பதில்லை, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

10-9-87, வியாழன்

நாலுக்கு ஒன்று. நான்தான்.

அவன் பேரை இதில் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். எழுதினால் என்ன, நோட்டு தீட்டுப்பட்டுவிடாது. காசிராஜன். என் கூடப் பிறந்த தங்கச்சி பொன்னுமணியின் புருஷன். ராசிங்காபுரத்தில் வீடு, மேலே மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம். ஒன்றரை வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நடந்தது இதுதான். ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு லாட்டுக்கும் நம்பர்தான் உண்டு, கொண்டுவந்தவன் பேர் கிடையாது. தட்டில் சாம்பிள் வந்தது. கையில் எடுத்தேன். வெளிறிப்போய், பாதி வாய் பிளந்து, வெயிலில் போட்டுக் காய வைத்த காய். ‘இத ஏலக்காய்னு கொண்டாந்தவன் ஏலக்காய மோந்து பாத்ததே இல்ல’ என்று சொல்லித் தரையில் கொட்டினேன். மண்டபமே சிரித்தது. விலை விழுந்தது. திரும்பிப் பார்த்தால் கடைசி வரிசையில் மாப்பிள்ளை.

அவன் எழுந்து போனான். அன்றைக்கே தங்கச்சியும் வருவதை நிறுத்திவிட்டாள்.

நான் பொய் சொன்னேனா? காய் மட்டம்தான். இன்றைக்குக் கேட்டாலும் மட்டம் என்றுதான் சொல்வேன்.

போன மழையில் கண்ணுச்சாமி கடைக்குள் ஒதுங்கினேன். டாங்கி மட்டும் காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவனும் நனைந்துகொண்டு வந்தான். விவரம் தெரியாத கண்ணுச்சாமி ‘ரெண்டு பேரு இருந்தாத்தான் ஓடும், வாங்க வாங்க’ என்று இரண்டு பேர் டோக்கனையும் உள்ளே போட்டுவிட்டான். யார் முதலில் விலகுவது? யாரும் விலகவில்லை. அன்றிலிருந்து வியாழக்கிழமை தவறுவதில்லை. ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை. சுடுவதோடு சரி.

17-9-87, வியாழன்

கடையில் இருந்து வந்ததும் என் வீட்டுக்காரி சுப்புத்தாய் ஆரம்பித்தாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேட்டாளாம்.

“முத்துப்பேச்சிக்குக் கார்த்திகையில காது குத்தப் போறாகளாம்.”

தங்கச்சி மகள். வருகிற மார்கழியோடு மூன்று வயது முடிகிறது. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். மூன்றை விட்டால் ஐந்துதான்.

“சரி. நல்லதுதானே” என்றேன்.

“யாரு மடியில உக்கார வச்சுன்னு தெரியுமா?”

தாய்மாமன் மடியில். வேறு யார் மடியில்? இந்த ஊரில் பிறந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

“வெள்ளைத்துரை மடியிலயாம்.”

வெள்ளைத்துரை பெரியப்பா மகன். அவனும் அண்ணன் முறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனா கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன். முத்துப்பேச்சி பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுனவன் நான். பேரு வைக்கையில காதுல மூணு தடவ பேரச் சொன்னவன் நான். அந்தப் புள்ளைக்கு இவன் மடியா. சாப்பிடல. சாப்பிடப் போறதும் இல்ல.

18-9-87

வெள்ளைத்துரைக்கு மடி என்று ஒன்று கிடையாது. தொப்பை முடிகிற இடத்தில் முழங்கால் வந்துவிடுகிறது.

24-9-87, வியாழன்

இன்றைக்கு ஒட்டியிருக்கிற நோட்டீஸ் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. விமான மெஷின். இரண்டு விமானம், இரண்டு பேர், இரண்டு பேரும் ஒரே கட்சி. சேர்ந்து எதிரியைச் சுட வேண்டுமாம். இவனுக்கு ஆபத்து என்றால் அவன் வந்து காப்பாற்ற வேண்டுமாம். இதற்குப் பேர் ஆட்டமா, கூட்டுறவு சங்கமா? ஜெயித்தால் யார் ஜெயித்தது? தோற்றால் யாரைத் திட்டுவது? வெட்கம் கெட்டவன் எவனோ வீட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

கீழே ‘தீபாவளி முதல்’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே சின்னதாக இன்னொரு வரி. ‘டாங்கி மெஷின் விற்பனைக்கு.’

அவனும் பக்கத்தில் நின்று படித்தான். நான் பார்க்காத மாதிரி நின்றேன். இன்றைக்கு இரண்டு பேருமே கண்டபடி சுட்டோம். யார் ஜெயித்தது என்று ஞாபகம் இல்லை.

போனால் போகிறது. எனக்கென்ன.

29-9-87

கண்ணுச்சாமியைத் தனியாகப் பிடித்து, டாங்கியை எடுக்காதே, வேண்டுமானால் அந்தப் பூச்சி சுடுகிற மெஷினை எடு என்றேன். வரிசை வரிசையாகப் பூச்சி இறங்குகிறது, மருந்தடிக்கிற வேலையைக் காசு கொடுத்து யாராவது செய்வார்களா என்றும் எடுத்துச் சொன்னேன். சிரித்தான்.

“அண்ணே, பூச்சியிலதான் நமக்குச் சோறு. டாங்கிய இப்ப யாரு ஆடுறா? வாரத்துல ஒருநா நீங்க ரெண்டு பேரு. அம்புட்டுத்தான்.”

“வச்சிருந்தா என்ன கெட்டுப்போகும்?”

“என்னணே, சொல்லி வச்ச மாதிரி பேசுறீக. முந்தாநேத்து அந்த ராசிங்காபுரத்துக்காரரும் வந்து இதேதான் கேட்டுட்டுப் போனாரு.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அவன் எதற்குக் கேட்டான்? வாரா வாரம் தோற்கிறவன், மெஷின் ஒழிந்தால் நிம்மதி என்று இருக்க வேண்டியதுதானே. — நான் எதற்குக் கேட்டேன்?

8-10-87, வியாழன்

மலை ரோட்டில் மண் சரிந்து ஜீப்பு ஓடவில்லை. அவன் வரவில்லை, மேலே தோட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பான். டாங்கி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

15-10-87, வியாழன்

டாங்கி போய்விட்டது. கம்பத்தில் யாரோ வாங்கினானாம். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது.

தீபாவளி

இந்த வருஷமும் தங்கச்சி வரவில்லை. சுப்புத்தாய் ஒரு தூக்கில் அதிரசம் எடுத்து வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாலாம் நாளான இன்றைக்கு அதை நாங்களே தின்றோம்.

29-10-87, வியாழன்

வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஏலம் முடிந்ததும் கால் அந்தப் பக்கமே போனது.

விமான மெஷின் வந்திருக்கிறது. ஜீப்பு டிரைவர்கள் கூட்டம். அவனும் சுவரோரம் நின்றிருந்தான். எங்கள் முறை வந்ததும் கண்ணுச்சாமி முன்போலவே இரண்டு டோக்கனையும் போட்டான்.

முதல் ஆட்டம் அசிங்கம். ஒரு வருஷப் பழக்கம், கை தானாக அவன் விமானத்தைத்தான் தேடுகிறது. அவனுக்கும் அப்படித்தான் போல. இந்த மெஷினில் பக்கத்து விமானத்தில் குண்டு படாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு நிற்க, எதிரி வந்து இரண்டு பேரையும் சாய்த்துவிட்டான். டிரைவர்கள் கெக்கலித்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் இடப்பக்கம் அவன் பின்னாலேயே ஒன்று வந்தது. அவன் பார்க்கவில்லை.

“எடப்பக்கம் வருதுய்யா, கண்ணு எங்க இருக்கு” என்றேன்.

வாயில் இருந்து வந்துவிட்டது. ஒன்றரை வருஷத்தில் முதல் பேச்சு, அதுவும் திட்டு.

அவன் திரும்பிச் சுட்டான். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “நீங்க மேல பாருங்க. கீழ நான் பாத்துக்கிறேன்” என்றான்.

மேலே நான் பார்த்தேன். கீழே அவன். நாலாவது கட்டம் வரை போனோம். கடையில் இதுவரை யாரும் போகாத இடம்.

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். இந்த மெஷின் நல்ல மெஷின். நோட்டீஸைப் பார்த்துச் சொன்னது தப்பு.

5-11-87, வியாழன்

ஐந்தாவது கட்டம். பேச்செல்லாம் மெஷினுக்கு மட்டும்தான். மேலே, கீழே, விடு, அடி.

ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக மனதுக்குள் உருப்போட்டது.

“மாப்ளே, அந்தக் காயி மட்டந்தான். அத மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா சபையில வச்சுச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவர் நிமிரவே இல்லை. செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டே பேசினார்.

“மட்டம்னு எனக்குத் தெரியாதா மச்சான். அந்த வருசம் வெறகெல்லாம் நனஞ்சுபோச்சு. ஸ்டோர்ல தீ மூட்டிக் காய வாட்ட வழியில்ல. வெயில்ல போட்டேன். கொண்டாரையிலயே தலையக் குனிஞ்சுதான் கொண்டாந்தேன்.”

அப்புறம் சட்டைப் பையில் இருந்து ஒரு காதுகுத்து அழைப்புக் கார்டை எடுத்தார். ஓரம் மடங்கி, வியர்வை பட்டிருந்தது. எத்தனை நாளாகப் பையில் இருந்ததோ.

“அடிச்சாச்சு மச்சான். போன மாசமே. பேரும் போட்டாச்சு. ஊரு பூராம் குடுத்தாச்சு.”

வாங்கிப் பார்த்தேன். ‘தாய்மாமன்’ என்று போட்டு, கீழே வெள்ளைத்துரை.

“வாங்க” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

6-11-87

சுப்புத்தாய் கார்டைத் தூக்கி அடுப்படியில் எறிந்தாள்.

“தாம்பூலத் தட்டு இல்ல. வீட்டு வாசல மிதிக்கல. மெசினு கடையில வச்சா கூடப் பொறந்த தாய்மாமனுக்குப் பத்திரிக்க வைக்கிறது? அதுவும் நாலாவது ஆளா உக்காந்து வேடிக்க பாக்கவா? நீங்க போனா நான் வரல.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. கூடப் பிறந்தவன் இருக்க இன்னொருத்தன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்துவார்கள், நான் ஊராரோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரில் எவன் வாயை அடைப்பது?

போக மாட்டேன்.

12-11-87, வியாழன்

கடைக்குப் போகவில்லை.

19-11-87, வியாழன்

போனேன். மாப்பிள்ளை வரவில்லை. காதுகுத்து வேலையாக இருப்பார். ஒரு டிரைவரோடு ஆடினேன். இரண்டாவது கட்டத்திலேயே முடிந்துவிட்டது. அவனுக்குக் கீழே பார்க்கத் தெரியவில்லை.

22-11-87, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். சுப்புத்தாயும் வந்தாள். வாசல் தாண்டும் வரை வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.

கோயில் வேப்ப மரத்தடியில் நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நான் வருவதைப் பார்த்து நாலைந்து பேர் பேச்சை நிறுத்தினார்கள். தங்கச்சி பார்த்தாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். வெள்ளைத்துரை புது வேட்டி கட்டி, மாலை போட்டு உட்கார்ந்திருந்தான். முத்துப்பேச்சியை மடியில் வைத்தார்கள். வளர்ந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை அவளுக்கு.

ஆசாரி குத்தினார். வீறிட்டாள். என் கை தானாக முன்னே போனது. இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கிடா வெட்டியிருந்தார்கள். பந்தியில் மாப்பிள்ளையே குழம்பு வாளியோடு வந்தார். என் இலைக்கு வந்ததும் இரண்டு கரண்டி கூடவே ஊற்றினார். சமையல்காரன் மதுரையில் இருந்து வந்தவனாம். உப்பே போடாமல் விட்டிருந்தான். பந்தி முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னையும் பார்த்தார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

தங்கச்சி இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சாப்பாடு எப்படிண்ணே?”

“நல்லா இருக்கு தாயி” என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.