தனக்கோடி வேலை

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு மரக்காணத்திலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அவள் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. லண்டன் குளிருக்கு உன் உடம்பு பழகிவிட்டதா? இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம்.

போன மாதம், கால்பந்து ஆட்டம் முடிந்து உன் தெருவில் கண்ணாடிகளை உடைத்தவர்களை ஹூலிகன் என்றாய். அது ஒரு காலத்தில் அதே ஊரில் வாழ்ந்த ஐரிஷ் குடும்பத்தின் பெயராக இருக்கலாம், உறுதியில்லை, அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, பெயர் மட்டும் அகராதியில் நிற்கிறது என்றாய். நான் பேச்சை மாற்றினேன். நம் உப்பளத்திலும் அப்படி ஒன்று இருக்கிறதே. யாராவது எதையாவது உடைத்தால், ஊரைக் கூட்டிக் கூச்சல் போட்டால், அது தனக்கோடி வேலை என்போம். நீயும் சொல்லி வளர்ந்தவள்தான். தனக்கோடி நம்மிடம் வேலை செய்தவர். நீ கைக்குழந்தை அப்போது. தேர்த் திருவிழாவில் ஒருநாள் குடித்துவிட்டுச் சத்தம் போட்டார், அவ்வளவுதான். மறுநாள் காலை நம் மடை திறந்து கிடந்தது. வார வேண்டிய உப்பெல்லாம் கால்வாய்த் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் அவரைத்தான் காட்டினேன். மடையை அடைக்க மறந்தவன் நான். அவர் ஊரை விட்டுப் பிரம்மதேசம் போய்விட்டார்.

போன திங்கட்கிழமை அங்கிருந்து ரேணுகா என்ற பெண் வேலைக்கு வந்தாள். கூடையைக் கவிழ்த்துவிட்டாள். இன்னாடி, வந்த அன்னிக்கே தனக்கோடி வேலை பண்றே என்று கூட வேலை செய்யும் பாப்பாத்தி சிரித்தாள். யாரு அக்கா அது என்று ரேணுகா கேட்டாள். யாருமில்லடி, சும்மா ஒரு பேச்சு என்றாள் பாப்பாத்தி. எங்கப்பா பேரு அக்கா அது என்றாள் ரேணுகா. குரல் உயரவில்லை. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

மறுநாள் எல்லோரையும் வரப்பில் கூட்டிச் சொன்னேன். மடையை அடைக்காமல் விட்டவன் நான், தனக்கோடி இல்லை. பிறகு என் சிநேகிதர் பக்தவச்சலம், என்னைத் தேற்றத்தான், வுடு பலராமா, எப்பவோ முடிஞ்சதுக்கு இப்ப இன்னாத்துக்கு தனக்கோடி வேலை பண்ணிக்கினு இருக்கே என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரேணுகா கூடையை வைத்துவிட்டுப் போனவள், இன்னும் வரவில்லை. நாளை பிரம்மதேசம் போகிறேன். தனக்கோடி உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவளிடம் நான் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடாமல் வெளியே போகாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்லச் சொன்னாள். தனக்கோடி வேலை என்ற பேச்சு இனி உன் வாயில் வர வேண்டாம். நியாயமாக அதில் இருந்திருக்க வேண்டிய பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
பலராமன்